நீங்கள் பாடிக்கொண்டே போகவில்லை, அத்தான்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் போனபிறகு வீட்டில் நானும் உங்கள் அக்காவும் மட்டும்தான். மதினி முழங்கால் வலியோடு காலையில் ஜெபம், சாயங்காலம் ஜெபம் என்று இருக்கிறார்கள். நான் தையல் மெஷினைத் துடைத்து வைத்திருக்கிறேன், தைப்பதில்லை. தச்சநல்லூரில் வெயில் இப்போதே சுடத் தொடங்கிவிட்டது.

சேதி ஒன்று இருக்கிறது. வருகிற பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் நான் பேசப் போகிறேன். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை சபையார் ஏழு பேர் ஆளுக்கு ஒன்றாகப் பேசுவார்களே, அதில் நான்காவது எனக்கு. என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்கிற வார்த்தை. குருவானவர் வீட்டுக்கே வந்து கேட்டார். "சார் கடைசி மூச்சுவரைக்கும் ஸ்தோத்திரம் சொல்லிட்டே போனாங்களே, அதையே சாட்சியாச் சொல்லி முடிச்சிருங்கம்மா" என்றார். தலையாட்டிவிட்டேன்.

நீங்கள் அப்படிப் போகவில்லையே அத்தான். அந்த ஆஸ்பத்திரி அறையில் உங்கள் பக்கத்தில் நான்தானே இருந்தேன்.

ஜெபக்குழுவினர் வந்து பாடியபோது நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வாழ்நாளெல்லாம் ஞாயிறு பள்ளி நடத்தியவர், நான் வாசித்துக்கொண்டிருந்த வேதத்தை மூடச் சொன்னீர்கள். எந்த மருந்துக்கும் அடங்காத வலி. கடைசி மத்தியானம் என் கையைப் பிடித்து, "ஏளா மணி, அவரு என்னெ விட்டுட்டாரு. எங்க போனாருன்னு தேடித் தேடிப் பாக்கேன், காணல" என்றீர்கள். அதற்கப்புறம் பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் இழுத்தது. நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

ஆம்புலன்சில் உங்களோடு நான் வந்து சேர்வதற்குள், முன்னால் வந்து வீட்டைத் திறந்துவைத்த மதினி எல்லாருக்கும் பதில் சொல்லி முடித்திருந்தார்கள். துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வருகிற நம் ஆட்கள் முதலில் கேட்பது, கடைசியாக என்ன சொன்னார் என்பதுதானே. தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே போனான் என்று மதினி சொல்லியிருக்கிறார்கள். அடக்க ஆராதனையில் பிரசங்கத்தில் அதைக் கேட்டபோது, வேறு யாருடைய அடக்கத்துக்கோ வந்து உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. நான் வாய்விட்டுக் கதறியதும் யாரோ பாமாலைப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். ஒப்பாரி வைப்பது நம்பிக்கை இல்லாதவர்களின் பழக்கம் என்று மிஷன் காலத்தில் சொல்லிக்கொடுத்தது, இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

அதற்கப்புறம் உங்கள் ஒத்துவாக்கிய வேதாகமத்தை எடுத்தேன். சுவிசேஷத்தில் இயேசு பேசுகிற இடத்தில் விரலை வைத்து, ஓரத்தில் சின்ன எழுத்தில் காட்டியிருக்கிற வசனங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். வனாந்தரத்தில் சோதிக்கிறவனுக்குச் சொன்ன பதில்கள் எல்லாம் உபாகமம். பிறனிடத்தில் அன்பாயிரு என்பது லேவியராகமம். சாந்தமானவர்களுக்குப் பூமி சொந்தம் என்பது சங்கீதம். எல்லாமே அவருக்கு முன்னால் யூதர்கள் எழுதிவைத்த பழைய ஏற்பாடு. இதெல்லாம் அவர் புதிதாகக் கொண்டுவந்தது என்றல்லவா இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். செருப்பைக் கழற்றிப் போடுகிற வாசல் மாதிரிதான் பழைய ஏற்பாட்டை நாம் வைத்திருந்தோம். பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் யூதர் என்றால் சிலுவையில் அறையச் சொல்லிக் கூச்சல் போட்ட கூட்டம் மட்டும்தான். சிலுவையில் தொங்கியவரும் யூதர், கீழே நின்று பார்த்த அவர் அம்மாவும் யூதப் பெண் என்று யாராவது நிறுத்திச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நான்காம் வார்த்தையும் அப்படித்தான். இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி அது. உயிர் போகிற நேரத்தில் அவர் புதிதாக ஒன்றைத் தேடவில்லை. சின்ன வயதிலிருந்து தன் ஜனங்களோடு சொல்லிப் பழகிய ஜெபம் வாயில் வந்துவிட்டது. அந்த ஜனங்கள் கடவுளிடம் சண்டை போடுவதையும் ஜெபம் என்றே எழுதிவைத்து, ஆலயத்தில் பாடியிருக்கிறார்கள். எண்பத்தெட்டாம் சங்கீதத்தைப் பாருங்கள், இருட்டில் போய் முடிகிறது, அதையும் தூக்கி எறியவில்லை. எல்லாவற்றையும் இழந்த யோபு கடவுளை எதிர்த்து அத்தனை பேசியும், கடவுள் கோபித்துக்கொண்டது அவனுக்குப் புத்தி சொன்ன சிநேகிதர்களைத்தான். புலம்பல் என்றே ஒரு புத்தகத்தை வேதத்தில் வைத்துக்கொண்டு, நாம் ஒருவரையும் புலம்ப விட்டதில்லை.

அந்தச் சங்கீதம் முடிவில் துதியாக மாறுகிறதே என்று குருவானவர் சொல்லுவார். மாறுகிறதுதான். ஆனால் இயேசு சத்தமிட்டுச் சொன்னது முதல் வரியைத்தானே?

இதையெல்லாம் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். போன வாரம் எஸ்தர் அக்காவைப் பார்க்கப் பேட்டைக்குப் போனேன். நம் பாடகர் குழுவில் முதல் குரல் பாடுவார்களே, அவர்கள்தான். உங்களுக்கு வந்த வியாதியே வந்து, உங்களைப் போலவே ஒடுங்கிக் கிடக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், செல்லத்துரை சார் மாதிரி பாடிக்கொண்டே போக வேண்டும் என்று தைரியம் சொல்லிவிட்டுப் போகிறார்களாம். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் பையக் கேட்டார்கள். "மணி, சாருக்கு வலிக்கவே இல்லையா? எனக்குத் தோத்திரமே வர மாட்டேங்கு. நான் நரகத்துக்குத்தான் போவேனா?"

உங்கள் பெயரைச் சொல்லி ஒரு மனுஷியை வதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடந்ததைச் சொன்னேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பியதை, கடைசியாகப் பேசியதை, ஒன்று விடாமல் சொன்னேன். எஸ்தர் அக்கா என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதார்கள். எதிரே லேத் பட்டறை ஓடிய சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. அழுது ஓய்ந்தபிறகு, "அப்போ நானும் அவர்ட்ட கேக்கலாம்லா" என்றார்கள். கேளுங்கள் அக்கா, நம் ஆண்டவரே கேட்டிருக்கிறாரே என்றேன்.

வீட்டுக்கு வந்து, பெரிய வெள்ளியன்று உள்ளதையே சொல்லப் போகிறேன் என்று மதினியிடம் சொன்னேன். சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"எனக்கும் தெரியும், மணி. கதவுக்கு வெளியதான் நின்னேன். அவன் சொன்னது கேட்டுது" என்றார்கள். முழங்காலைத் தடவிக்கொண்டே, "அப்படிச் சொன்னவன் மோட்சத்துல இருக்கான்னு நான் எப்படி நம்புவேன்? அதான் மாத்திச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்" என்றார்கள்.

இத்தனை மாதமாக அவர்கள்மேல் எனக்கு ஆத்திரம்தான் இருந்தது. இந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டுதான் இரண்டு வேளையும் முழங்கால் போட்டார்களா? வேதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். இருபத்திமூன்றாம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லுகிறவர்கள், அதற்கு முந்தினதைக் கண்ணை மூடாமல் கேட்டார்கள். முடித்ததும், "தம்பி தேடுனதுக்குப் பதில் வந்துதா?" என்றார்கள்.

"எனக்குக் கேக்கல மதினி. சிலுவைல கேட்டவருக்கும் அன்னைக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அப்போது மதினி அழுதார்கள். என் தம்பி, என் ராசா என்று மார்பில் அடித்துக்கொண்டு, நீங்கள் செத்த அன்று அழ வேண்டிய அழுகையை அழுதார்கள். நான் தடுக்கவில்லை. எனக்கும் அழுகைதான் வந்தது.

எஸ்தர் அக்கா வெள்ளிக்கிழமைவரை இருப்பார்களா, தெரியாது. சபையில் எத்தனை பேர் எழுந்து போவார்கள், குருவானவர் அதற்கப்புறம் நம் வீட்டுப் படி ஏறுவாரா, அதுவும் தெரியாது. மதினி முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது அத்தான்.

ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன். நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்னபடியே சொல்லுவேன். துதியில் கொண்டுபோய் முடிக்க மாட்டேன். உங்களுக்கு நற்பெயர் வாங்கித் தருவதற்காக இனி ஒரு பொய்யும் இந்த வீட்டிலிருந்து வெளியே போகாது. அந்த வலியிலும் அவரைத்தானே தேடினீர்கள்? உங்களை அவிசுவாசி என்று எவராவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், பார்க்கிறேன்.

உங்களுக்கு வாழ்க்கைப்பட்ட,
மணி