வேரோடு பத்து முடி

அன்புள்ள அண்ணா, கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து அப்பாவின் விரல்கள் மரத்துப்போவதால், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி வருவது அப்பாவின் பேச்சு.

பெரியவனுக்கு, நானும் உன் தங்கையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேலைக்குப் போன ஊரில் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். சலூன் வழக்கம்போல ஓடுகிறது, ஓர நாற்காலியின் உறை கிழிந்து ஒட்டுப் போட்டேன். வீடுதான் வெறிச்சென்று கிடக்கிறது. உன் மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது, உன் தங்கையும் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள்.

போன மாதம் நீ போனில், மகள் நினைப்பாகவே இருக்கிறது, அவள் முடி கொஞ்சம் அனுப்புங்கள் என்றாய். குழந்தைக்கு முடி வெட்டும்போது தரையில் விழவிடாமல் கையில் பிடித்து வெள்ளைத்தாளில் மடித்து அனுப்பினேன், என் மகனுக்குப் பிள்ளைமேல் எவ்வளவு உயிர் பார்த்தீர்களா என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். பிறகு நீயே கூப்பிட்டு, வெட்டிய முடி பரிசோதனைக்கு ஆகாதாம், வேரோடு பத்து முடி பிடுங்கி அனுப்புங்கள், அவள் அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்றாய். அந்தப் பிள்ளை உனக்குப் பிறந்ததுதானா என்று பார்க்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட வேலை செய்கிறவன் எவனோ குழந்தைக்கு உன் ஜாடை இல்லையே என்று கேலி செய்தானாம், அதை இவ்வளவு தூரம் இழுத்துவருவாயா?

ஆனாலும் மகன் கேட்டானே என்று, நாற்காலிக் கைகளின் மேல் பலகை போட்டுக் குழந்தையை உட்காரவைத்து ஒரு முடியை விரலில் சுற்றிவிட்டேன். இழுக்கக் கை வரவில்லை. அது பாட்டுக்குக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பின்னால் பெஞ்சில் இருந்த உன் மனைவி, கத்தரிக்கோல் இல்லாத என் கையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்ன மாமா என்றாள். மழுப்பத் தெரியாமல் சொல்லிவிட்டேன். அவள் சத்தமே போடவில்லை. "என்கிட்ட கேட்டிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன் மாமா. உங்க கையால ஏன் திருடச் சொன்னாரு?" என்றாள்.

சவரத்துக்கு வரும் வக்கீலிடம், தெரிந்த ஒருவருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். முகம் முழுக்க நுரையோடு அவர், இப்படித் திருட்டுத்தனமாக எடுத்தது கோர்ட்டில் நிற்பது கஷ்டம், பிள்ளையைப் பரிசோதிக்க அப்பன் கையெழுத்தே போதும் என்று சில இடத்தில் சட்டம் விட்டாலும் விடும், அப்புறம் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பான், அதற்குச் சட்டத்தில் வழி இல்லை என்றார். அந்தத் தெரிந்தவர் நீங்கள்தானே என்று அவர் கேட்கவில்லை, அந்த மட்டும் நல்லது.

(அண்ணா, இது நான். நூலகத்தில் தேடிப் படித்தேன். குழந்தைக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வயது போதாது, அதனால்தான் பெரியவர்கள் அவளுக்காக இரண்டு மடங்கு யோசிக்க வேண்டுமாம். இந்த நாலு வரி மட்டும் அப்பா சொல்லாதது.)

நேற்று உன் மனைவியைப் பார்க்க அவள் அக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், குழந்தையை என் மடியிலும் விட்டாள். கிளம்பும்போது சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன். "அவரு லீவுல வந்து என்னை நேரா கேக்கட்டும். பரிசோதனைக்கு நானே கையெழுத்துப் போடுறேன். பதில் வந்ததும் அவரு சந்தேகம் தீர்ந்துரும். அதுக்கப்புறம் அவரோட இருக்கிறதா வேணாமான்னு நான் யோசிப்பேன். அப்ப என்னை யாரும் அவசரப்படுத்தக் கூடாது மாமா."

நான் முடி அனுப்பமாட்டேன். கேட்பதை அவளிடம் கேள், கேட்பதற்கு முன் அவளைப் பிரிந்து இருக்க உன்னால் முடியுமா என்று உன்னையே கேள். உன் அம்மா இருந்தால் பக்குவமாகச் சொல்லியிருப்பாள், எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள். எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். லீவுக்கு எழுதிப்போட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

அண்ணா, எழுதியதை அப்பாவிடம் திரும்பப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து போய்க் கடை விளக்குகளை அணைத்துவிட்டார்.