தூசி இயந்திரத்துக்கு நான் வைத்த ரிமோட்

ஜூன் 8, சனி
இன்றும் என் வீட்டுக்காரர் ஹில்மி இருமி இருமி வாந்தி எடுத்தார். கீழே பட்டறையில் கெய்ரோ வியாபாரிக்கு நாற்காலிக் கால்கள் அறுக்கிறார். தூசி இழுக்கும் இயந்திரம் பின்சந்தில் இருக்கிறது. அதைப் போட ஒவ்வொரு தடவையும் பலகைக் குவியலைச் சுற்றிப் போக வேண்டும். போவதில்லை. "ரெண்டே ரெண்டு வெட்டுதானே" என்பார். இருநூறு வெட்டு ஆகியிருக்கும். தொழிற்பள்ளியில் பெண்களுக்கு மின்பாடம் நடத்துகிறவள் நான். என் வீட்டில் இந்தக் கதி.

ஜூன் 13
ரிமோட் வைத்துவிட்டேன். ரிமோட்டோடு வரும் சின்னப் பெட்டி பெரிய மோட்டாரைத் தாங்காது. நடுவே கனத்த கரண்டைத் தாங்கும் சுவிட்சாக ஒரு காண்டாக்டர் போட்டு, பெட்டி அதை மட்டும் இழுக்கும்படி இணைத்தேன். ரிமோட்டைக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினேன்.
"ஆட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டிட்டியே, டீச்சரம்மா!"
அமுக்கி அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

ஜூன் 20
இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஜூன் 24
புதுப் புகார். கரண்ட் ஒரு நிமிடம் போய் வந்தால் பழைய ரம்பம் தானாக ஓடுகிறது. தூசி இயந்திரம் ஓடுவதில்லை. வேலை மும்முரத்தில் இவர் கவனிப்பதுமில்லை. மறுபடி தூசி, மறுபடி இருமல். "அதையும் தானா ஓட வையேன். ஒனக்குத் தெரியாததா?"
பெட்டிக்குள் ஒரு சின்னப் பொத்தானைத் தள்ளினால் போதும். கரண்ட் வந்ததும் எந்த இயந்திரமும் தானாக ஓடக் கூடாது — மாணவிகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம். தெரிந்தேதான் தள்ளினேன். அந்த நெஞ்சுக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டு எப்படித் தூங்குவது?

ஜூலை 2
கை. வலது கை.

ஜூலை 5
எழுதத்தான் வேண்டும். தினமும் மூன்று மணிக்குக் கரண்டை நிறுத்துகிறார்கள், ஐந்துக்கு விடுவார்கள். தெருவில் எல்லாப் பட்டறையிலும் அந்த நேரத்தில்தான் இயந்திரங்களைச் சுத்தம் செய்வார்கள். கரண்டே இல்லாதபோது மெயினை யார் அணைப்பார்கள்? தூசி இயந்திரத்தின் விசிறியில் மரச்சீவல் சிக்கியிருந்திருக்கிறது. கையை உள்ளே விட்டிருக்கிறார். அன்று மூன்றே முக்காலுக்கே கரண்ட் வந்துவிட்டது. மாடியில் ஃபேன் சுற்றியதும் அப்பாடா என்றேன். அப்படித்தான் சொன்னேன் — அப்பாடா என்று.
நான்கு விரல்கள் போய்விட்டன.

ஜூலை 19
இவருடைய அண்ணன் ஷுக்ரி வந்து கத்தினார். "வீட்லயே டீச்சர வச்சுக்கிட்டு, ஒன்ன யாருடா அந்தப் பெட்டியில கை வைக்கச் சொன்னது, கழுத?"
"நானாத்தான் மாத்தினேன். அவகிட்டக் கேக்கல. புத்தி கெட்டுப்போச்சு" என்றார் ஹில்மி. என் பக்கம் திரும்பவே இல்லை.
நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சீ, நானும் ஒரு மனுஷியா?

செப்டம்பர் 25
பள்ளி திறந்துவிட்டது. "ஒங்க வீட்டுக்காரருக்கு ஆனதயே பாடமா நடத்துங்க, பிள்ளைங்களுக்கு உறைக்கட்டும்" என்றார் தலைமையாசிரியை. கரும்பலகையில் படம் போட்டேன். பாதியில் சாக்பீஸைக் கீழே வைத்தேன். திரும்பி நின்று, "இத மாத்தினது அவர் இல்ல. நான்" என்றேன்.
தும்யாத் ஊர் முழுக்கப் பரவுவதற்குள் வீட்டுக்கு வந்து, வகுப்பில் சொல்லிவிட்டதை அவரிடமும் சொன்னேன். இத்தனை நாளில் ஒரு சொல் கடிந்ததில்லை. இன்று கத்தினார்.
"இந்தக் கைய வச்சு இனி ஒனக்கு நான் என்னத்தச் செஞ்சு குடுக்க முடியும்? அந்த ஒரு பொய்யத்தான் செஞ்சு குடுத்தேன். அதையும் ஒடச்சிட்டு வந்து நிக்கிறியே!"
இடது கையால் சாப்பிட மாட்டார். மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். ரொட்டியைப் பிய்த்து மொச்சையில் தோய்த்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீட்டிய கையை நான் எடுக்கவில்லை. வெகு நேரம் கழித்து வாயைத் திறந்தார்.