ஒன்றுக்குப் பிறகு மூன்று

மாசி 3, செவ்வாய்

காலையில் பனி, மதியம் மண்டையைப் பிளக்கிற வெயில். ஆபீசில் இரண்டு நாள் லீவுக்கு மனு. தாசில்தார், “சண்டைக் காலத்துல போட்டோவா?” என்றார். கையெழுத்துப் போட்டார்.

சேலத்திலிருந்து பிலிம் வந்துவிட்டது! கடைக்காரரை ஏழு மாதம் கெஞ்சி ஒரே ஒரு சுருள். யுத்தம் தொடங்கியதிலிருந்து பிலிம் எல்லாம் பட்டாளத்துக்கே. சுருளை மூன்று தடவை முகர்ந்து பார்த்தேன். ருக்மணி: “மல்லிகைப் பூவாக்கும்?” என் பெண்டாட்டிக்கு எல்லாம் கேலி.

சுருள் என் மடிப்புக் காமிராவுக்கு இல்லை. வக்கீல் நடராஜனின் (இனி ந.) அகலப்படக் காமிராவுக்கு. அதன் லென்ஸ் திரும்பிக்கொண்டே படம் எடுக்கும். மலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே படத்தில் அள்ளும். காமிரா அவனுடையது, பிலிம் என்னுடையது. கொல்லிமலையில் நாலு படம். ஆளுக்கு இரண்டு, மாறி மாறி. பிலிம் சுற்றுவது மட்டும் எப்போதும் நான். அவனுடையது அவசரக் கை.

மாசி 5, வியாழன்

மேகமூட்டம். மூக்கடைப்பு.

மாலை முழுதும் எண் கணக்கு. பிலிமின் முதுகுக் காகிதத்தில் ஒன்று முதல் எட்டு வரை எண். காமிராவின் பின்னால் சிவப்புக் கண்ணாடி ஓட்டை. அதில் எண் தெரியும்வரை சுற்ற வேண்டும். ஆனால் அந்த எண்கள் என் காமிராவுக்கு அளந்தவை. ந.வின் படம் இரண்டு மடங்கு நீளம். ஆகவே ஒன்றுக்குப் பிறகு மூன்று, பிறகு ஐந்து, ஏழு. இரண்டில் நிறுத்தினால் முதல் படத்தின் பாதிமேல் அடுத்த படம் ஏறிவிடும். சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். சுருளின் விளிம்பு ந.வின் காமிராவுக்குக் கொஞ்சம் பெரிசு. துணி சுற்றி, அரம் வைத்து, இரண்டு மணி நேரம் தேய்த்தேன். இந்தச் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. யாரிடமும் சொல்ல முடியாது, சிரிப்பார்கள்.

எடுத்துக்கொள்ள: முக்காலி, கம்பளி, கொயினா மாத்திரை (மலைக் காய்ச்சலுக்கு), வெல்லம், ந.வுக்குப் பொடி டப்பா (மறந்தால் என் உயிரை எடுப்பான்).

மாசி 6, வெள்ளி

அடிவாரம் காரவள்ளியிலிருந்து ஏற்றம். விடியலில் தொடங்கி மூன்று மணிக்குக் குண்டனி நாடு (மலையில் ஊர்த்தொகுதிக்கு நாடு என்றே பேர்). முழங்கால் போயிற்று. ந. வழியெல்லாம் கதை. ‘என் காமிரா, என் காமிரா’ என்று காதில் ஓட்டை போட்டான்.

தங்கல் சடையன் வீட்டில். ந.வுக்கு ஒரு வழக்கில் சாட்சி சொன்னவர். மனைவி பொன்னி, ஒரே மகன் வெள்ளையன். வாசலெல்லாம் மிளகு காய்கிறது. சாமைச்சோறு, மொச்சைக் குழம்பு. வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

மாசி 7, சனி

மூடுபனி. பத்து மணிக்கு மேல் விலகியது. வீட்டுக்கு மேலே தட்டைப் பாறை. அங்கிருந்து எடப்புளி நாடு வரை மடிப்பு மடிப்பாக மலை. எண் ஒன்றுக்கு நான் சுற்றி வைத்தேன். ந. விசையைத் தட்டினான். ‘சர்ர்’ என்று லென்ஸ் இடமிருந்து வலம் திரும்பியது. இரண்டு வழுக்கைத் தலைகளும் குதித்தோம். அவனைக் கட்டிப்பிடித்தேன்கூட.

அடுத்தது என் முறை. அதற்குள் பொன்னி குடும்பத்தோடு மேலே வந்துவிட்டாள்.

“ஏனுங்க சாமி, பையன் நாளைக்குக் கீழ எறங்கறானுங்க. அஸ்ஸாம் பக்கமாமா, பட்டாளத்துக்கு ரோடு போடற வேல. அவன் மொகத்த ஒரு படம் புடிச்சுக் குடுங்களேன்.”

“அதுக்கென்ன தாயி, இப்பவே புடிச்சுட்டாப் போச்சு!” என்றான் ந.

யாருடைய முறை? யாருடைய பிலிம்? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தர்மப்பிரபு! கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன்.

மூவரையும் நிறுத்தினான். பிலிமையும் அவனே சுற்றினான். ஓட்டையில் குனிந்து பார்த்து, “ரெண்டு வந்துருச்சுய்யா!” என்று கத்தினான். மூன்று வரவேண்டும். சீட்டு என் சட்டைப்பையில். வாயில் என்ன கொழுக்கட்டையா? இல்லை. படட்டும், ஊரெல்லாம் பெருமை பேசுகிறவன் ஒரு தடவை அசடு வழியட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். தட்டினான்.

பிறகு காமிராவை வாங்கி, நாலுக்குச் சுற்றி ஒன்று, ஆறுக்குச் சுற்றி ஒன்று. இரண்டும் என்னுடையவை, இரண்டும் மலை. ஆறாம் எண் படம் எடுக்கும்போது பொன்னி பக்கத்திலேயே நின்றாள், மகன் தலையை எண்ணெய் தொட்டு வாரிக்கொண்டு. அதை அவர்களுக்கே எடுத்திருக்கலாம்.

மாசி 8, ஞாயிறு

இறக்கம். வெள்ளையன் எங்களோடு. முக்காலியை அவனே பிடுங்கிச் சுமந்தான். அடிவாரத்தில் ஆள் எடுக்கிறவனின் லாரி. ஏறும்போது ந.விடம் இல்லை, என்னிடம் சொன்னான்: “படம் வந்தா அம்மாகிட்டக் குடுத்துருங்க சாமி. நான் வாரதுக்கு ரெண்டு வருசம் ஆகுமாமுங்க.”

கட்டாயம் என்றேன்.

மாசி 15, ஞாயிறு

நல்ல வெயில். பட்டப்பகலில் சாமான் அறைக்குக் கம்பளி கட்டி, சிவப்பு விளக்கில் நானும் ந.வும் பிலிம் கழுவினோம். ஹைப்போ மருந்து நாற்றத்துக்கு ருக்மணி வசவு.

என் இரண்டும் பிரமாதம். என் வாழ்நாளில் எடுத்ததில் இவைதான் படம். ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்து, “யோவ், என்னமா எடுத்திருக்கற!” என்றான் ந. கண் கலங்கியிருந்தது அவனுக்கு. அப்புறம் மற்றதைப் பார்த்தான்.

சடையன் முழுசாக. பொன்னி முக்கால். வெள்ளையன் நின்ற பக்கத்தில் முதல் படத்து மலை ஏறியிருக்கிறது. வேட்டி தெரிகிறது, கை தெரிகிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பாறை.

“நாந்தான்யா ரெண்டுல நிறுத்துனேன். சுத்தற வேல உன்னுதுன்னு பேசியும் கை சும்மா இருக்கல. உனக்கு அப்பத் தெரியலயா?”

“கவனிக்கல” என்றேன்.

நம்பிவிட்டான், மடையன். சாப்பிடாமல் போனான்.

மாசி 17, செவ்வாய்

ஆபீசில் தப்புக் கூட்டல், தாசில்தாரிடம் திட்டு. ந.விடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். அவன் வாசலில் வழக்குக்கு வந்த கட்சிக்காரர்கள் நாலைந்து பேர். திரும்பிவிட்டேன். நாலைந்து பேர் ஒரு சாக்கா?

மாசி 22, ஞாயிறு

புழுக்கம். இன்று சொல்லியே தீர்வது என்று போனேன். வீடு பூட்டு. குமாஸ்தா: “ஐயா நேத்தே மலைக்குக் கெளம்பிட்டாருங்க. தனியாத்தான். வேண்டாம்னு சொன்னாக் கேக்கறாரா?”

ஐம்பது வயசு. முழங்கால் அவனுக்கும் போயிற்று. எதற்குப் போனான் என்று எனக்குத் தெரியும்.

மாசி 26, வியாழன்

காலையில் தூறல். ஆபீஸ் புறப்படும் நேரம் வாசலில் சடையன். தோளில் மூட்டை.

“வக்கீலய்யா வந்துட்டுப் போனாருங்க. எல்லாந் தன் தப்புன்னு என்ற சம்சாரம் முன்னால கையெடுத்துக் கும்புட்டாருங்க. பெரிய மனுசன், பாவமா இருந்துச்சு.”

“பொன்னி?”

“படத்துல அந்தக் கையத் தடவிக்கிட்டே கெடக்கறா. மொகமில்லாட்டி என்னுங்க, கை அவனுதுதானேங்கறா.” மூட்டையை இறக்கினார். “நீங்க உங்க மொறைய எங்களுக்கு உட்டுக் குடுத்தீங்களாமா. கெடைக்காத பிலிமாமா. அய்யா சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு. அவதான் இதக் குடுத்துட்டு வரச் சொன்னா.”

இந்த வருஷத்து மிளகு. நாலு படி இருக்கும்.

வேண்டாம் என்றேன். ஒரே தடவைதான் சொன்னேன். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன், “மகன் காயிதம் போட்டானா?” என்று வந்தது. இன்னும் இல்லையாம். மோர் குடித்துவிட்டு மழைக்கு முன் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

ருக்மணி இரவே மிளகு ரசம் வைத்தாள். மலை மிளகு, வாசனை தெருவரை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.