கழுவிய சக்கரங்கள்

மச்சான்,

இன்று காலை டீட்டர் தன் ஜீப்பை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். உன்னை வேட்டைக்காரர்களின் கூட்டத்துக்குள் கூட்டிப்போன அதே டீட்டர்தான். குளிர்கால டயர் மாற்ற வேண்டுமாம். வண்டியை மேலே உயர்த்தியபோது சக்கரத்துக்கு மேல் அப்பியிருந்த சேறு பொத்தென்று என் சப்பாத்தில் விழுந்தது. கறுப்புச் சேறு, உள்ளே முழு இலை ஒன்று. தெருச் சேறு இப்படி மணக்காது. தண்ணீர் ஊறும் காட்டு நிலத்தின் அழுகல் மணம் அது. நீ செத்துப்போன பிறகும் இந்த மனுசன் அங்கேதான் வண்டி ஓட்டித் திரிகிறார் என்று விளங்கிவிட்டது.

வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவன் இங்கே வந்து துவக்கு வாங்கியிருக்கிறான் என்று நம் ஆட்கள் உன்னைப் பகிடி பண்ணாத பிறந்தநாள் விழா இல்லை. பகிடி பண்ணினவர்களே பிறகு தனியே வந்து, காட்டுப்பன்றி இறைச்சி கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார்கள். யூரோ வந்த அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்து வந்து, வேட்டைச் சோதனைக்காக மான் பல்லையும் பறவைச் செட்டையையும் ஜெர்மனில் பாடமாக்கினாய். உனக்கு எதற்கடா இந்த வேலை என்று கேட்டேன்.

“இரும்பு உருக்கிற இடத்திலை நாள் முழுக்க இரைச்சல் மச்சான். காட்டிலை ஒருத்தரும் என்னட்டை எங்கையிருந்து வந்தனி எண்டு கேக்கிறேல்லை” என்றாய்.

ஸாவர்லாண்ட் மலையில் அந்தக் காடு அரசாங்கத்துடையது. வருடா வருடம் அனுமதி தருவார்கள். புதிதாக வருகிறவனுக்கு உள்ளே இருக்கும் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். உனக்கு டீட்டர் நின்றார். அதை நான் மறுக்கவில்லை. வேறு ஒருவரும் நிற்கவில்லை என்பதும் உண்மைதான்.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வாகனங்கள் கல் போட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. சுட்ட விலங்கு எங்கே விழுந்தாலும் நடந்து போய் எடுத்து வர வேண்டும். மற்றவர்கள் அதைத் தங்கள் முழங்காலின் வசதிப்படி கடைப்பிடித்தார்கள். நீ கயிறு கட்டி, பன்றியைச் சரிவில் இழுத்துக்கொண்டு வருவாய். ஒரு முறை உதவிக்கு வந்து நாரி பிடித்து, நான் கிழமைக்கணக்கில் குனிய முடியாமல் திரிந்தேன். அவ்வளவு நல்ல ஜீப் எதற்கு, மழைக்கு ஒதுங்கவா என்று உன்னைத் திட்டினேன்.

“சில்லு ஒருக்கா ஏறினால் அந்த நிலம் பிறகு எழும்பாது” என்றாய்.

பிறகு அந்தக் கழுவல். வேட்டை முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்தில் குந்தியிருந்து, மரப்பிடி போட்ட பிறஷ்ஷால் சக்கரம் சக்கரமாக உரசுவாய். மிச்சத்தைப் பெற்றோல் நிலையத்தில் தண்ணீர் அடித்துப் போக்குவாய். “ஒரு காட்டின்ரை சேறு இன்னொரு இடத்துக்குப் போகக் கூடாது. அதுக்குள்ளை விதை இருக்கும்” என்பாய். உன் வீட்டுக் குசினியை நீ அந்த அக்கறையோடு ஒரு நாளும் கழுவியதில்லை. உன் மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

உன் கடைசி இலையுதிர்கால வேட்டையில் டீட்டர் சுட்ட பன்றி, ஊற்று நிலத்துக்கு அப்பால் போய் விழுந்தது. அவர் முழங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறி, ஊற்றின் குறுக்கே ஓட்டிக்கொண்டு போய், பன்றியை ஏற்றிக்கொண்டு வந்தார். எதிர்ப்பக்கத்துப் பரணில் இருந்து நீ எல்லாவற்றையும் கண்டாய். கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி போட்ட, பல்லி மாதிரியான சலமாந்தரின் குஞ்சுகள் வளரும் ஊற்று என்று நீ எனக்குக் காட்டிய இடம் அது. நீ இறங்கிப் போனபோது தண்ணீர் கோப்பி நிறத்தில் கிடந்ததாம்.

ஒரு கிழமை மழை பெய்து, தடத்தின் விளிம்பெல்லாம் இடிந்த பிறகுதான் வன அதிகாரி அதைக் கண்டார். எந்த வண்டியின் தடம் என்று தெரியாததால் எல்லோரையும் வண்டியோடு கூப்பிட்டார். வரிசையாக நின்ற வண்டிகளில் சேறு. உன்னுடையது மட்டும் பளிச்சென்று நின்றது. தடயத்தை அழிக்கவா கழுவினாய் என்று கேட்டார். எப்போதும் கழுவுவேன் என்றாய். அவர் உன் முகத்தையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். நீ டீட்டரைப் பார்த்தாய். டீட்டர் முன்னுக்கு வந்தார். உன் தோளில் கையை வைத்தார்.

“இவன் இன்னும் எங்கடை முறைக்குப் பழகேல்லை. நல்ல பெடியன். பெரிசுபடுத்தாதேங்கோ” என்றார்.

தான் செய்ததற்கு உனக்காக மன்னிப்புக் கேட்டார், மச்சான். அதை நீ பட்டறை வாங்கில் குந்தியிருந்து ஏதோ வானிலை சொல்வது போல எனக்குச் சொன்னாய். கையில் இருந்த நட்டுச் சாவியை நான் எறிந்தேன். வா, இப்பவே போய்ச் சொல்லுவோம் என்று கத்தினேன்.

“விடு. அந்த மனுசன் இல்லாட்டி நான் காட்டுக்குள்ளை கால் வைச்சிருக்கேலாது. அவரின்ரை பேரை என்ரை வாயாலை சொல்ல ஏலாது” என்றாய்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். இன்றுவரை ஆறவில்லை. அந்த மனுசன் உனக்குக் கதவைத் திறந்துவிட்டார். அதற்காக அவர் செய்ததையெல்லாம் உன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டுமா?

அடுத்த வருடம் உனக்கு அனுமதி கிடைக்கவில்லை. துவக்கை விற்றாய். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, அதைப் பார்க்காமல் இருந்தாய். பிறகு பெரும் புயல் அடித்து மலை முழுக்க மரங்கள் சரிந்தன. அவற்றை இழுக்க வீடு மாதிரி இயந்திரங்கள் இறங்கிச் சரிவுகளை உழுதுவிட்டுப் போயின. அவற்றின் சக்கரத்தை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அந்தக் கோடையில் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய்.

உன் சவச்சடங்குக்கு டீட்டர் பச்சைத் தொப்பியோடு வந்தார். ஸ்ப்ரூஸ் மரக் கொப்பொன்றை முறித்துக்கொண்டு வந்து உன் பெட்டிமேல் வைத்தார். வேட்டைக்காரனுக்கு வேட்டைக்காரன் செய்யும் மரியாதை என்று பக்கத்தில் நின்றவர்கள் நெகிழ்ந்தார்கள். சுட்டு விழுத்திய விலங்கின் வாயில் கடைசிக் கவளம் என்று வைப்பதும் அதே கொப்பைத்தான். நீயே எனக்குச் சொல்லித் தந்தாய். எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

உன் பிறஷ் இப்போது என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. உன் மனைவி தந்தாள். இன்று டீட்டரின் சக்கர வளைவில் மிஞ்சியிருந்த சேற்றை அதால் உரசத் தொடங்கினேன். கோப்பியோடு நின்ற டீட்டர் அதைக் கண்டு சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. பாசமாகத்தான் சிரித்தார்.

“இது அவன்ரை பிறஷ் எல்லே. ஒரு வேட்டை முடிஞ்சும் கழுவாமல் வீட்டை போனதில்லை அவன். மழை பெய்தாலும் நிண்டு கழுவுவான்” என்றார்.

என் கை நின்றுவிட்டது. அவர் தன் பாட்டில் கோப்பியை ஊதிக் குடித்தார். என்ன சொன்னோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அதிகாரிக்கு முன்னால் இந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் போதும், மச்சான். தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கவே வேண்டாம். இதை மட்டும் சொல்லியிருந்தால் நீ உன் பரணில் இருந்திருப்பாய்.

டயரை மாற்றினேன். நட்டுகளைச் சரியாகத்தான் இறுக்கினேன். போகும்போது கை கொடுக்க வந்தார். என் கை சேறு என்று விரித்துக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

தரையில் கிடந்த சேற்றைக் கூட்டி வாளியில் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு அதை அந்தக் காட்டுக்கே கொண்டுபோகப் போகிறேன். ஒரு காட்டின் சேறு இன்னொரு இடத்தில் கிடக்கக் கூடாதல்லவா. வண்டியைத் தடுப்புக் கட்டைக்கு வெளியே விட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஊற்றடி வரைக்கும் நடப்பேன். என் கோபம் அதால் ஆறப்போவதில்லை. ஆனாலும் நடந்துதான் போவேன்.