ராசு கையெழுத்திட்ட கடைசிப் பெட்டி

என் தம்பி ராசு சாமிக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. சூரமங்கலத்தில் உன் பட்டறைக்கு எதிரேதான் டவுன் பஸ் இன்னும் நிற்கிறது. போன வாரம் வரை அங்கே இறங்க எனக்கு மனம் வரவில்லை.

உன் வேலை என்ன என்று யாராவது கேட்டால், வகுப்பில் சொல்வதுபோலத்தான் இன்றும் சொல்கிறேன். தொலைபேசிக் கருவிக்குள் இருக்கும் ஃபியூஸைச் சோதிப்பது. அந்த ஃபியூஸ், இடி இடிக்கும்போது கம்பி வழியே ஒரு கணம் பாய்கிற மின்சாரத்தைத் தாங்க வேண்டும். ஆனால் கரண்ட் கம்பி அறுந்து தொலைபேசிக் கம்பிமேல் கிடந்தால், அது உருகி அறுந்துவிட வேண்டும். பக்கத்தில் தீப்பிடிக்கவும் கூடாது. ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போகிற ஹெட்மாஸ்டரைப் பொறுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்கக் கத்துபவரிடமிருந்து எழுந்து போய்விட வேண்டும் என்று ஒருமுறை உதாரணம் சொன்னேன். "அப்பறம் நீ ஏன்க்கா முப்பது வருசமா எந்திரிக்கவே இல்ல?" என்று கேட்டாய். இப்போது என்னைக் கேலி செய்ய யார் இருக்கிறார்கள்?

தீப்பிடிக்கிறதா என்று பார்க்க, ஃபியூஸைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி மின்சாரத்தைப் பாய்ச்சுவாய். துணி கருகினால் அந்த ஃபியூஸ் தேறவில்லை. பெட்டிக்குச் சிலவற்றை இப்படிப் பார்த்து, எல்லாம் தேறினால்தான் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுவாய். அம்மாபேட்டையில் துணி வாங்கி, வெறும் தண்ணீரில் நீயே அலசிக்கொள்வாய். கடைசி மாதம் உனக்கு மூச்சு வாங்கியது. "குடுடா, நான் தொவச்சுத் தாரேன்" என்று நான்தான் பிடுங்கிக்கொண்டு போனேன்.

போன வாரம் உன் கூட்டாளி குமரேசன் போன் செய்தான். "அக்கா, ராசு பாஸ் பண்ணின கடைசிப் பெட்டி நாளைக்கு லாரி ஏறுதுங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். உன் மேசையில் மிச்சத் துணி மடித்தபடி இருந்தது. தொட்டேன். அப்பளம்போல விறைத்து நின்றது.

"என்னுங்கக்கா, துணியப் புடிச்சுட்டே நிக்கறீங்க?"

"கடைசிப் பெட்டிய இதுலதான் சோதிச்சீங்களா?"

"ஆமாங்க. இந்த ஒரு பெட்டிக்குத்தான். ஒண்ணுகூடக் கருகலைங்க."

"எப்படிக் கருகும்? என் சேலைக்குக் காய்ச்சின கஞ்சி மிச்சமிருந்துச்சு. இதையும் அதுல முக்கிட்டேன்."

"ஃபியூஸுக்குமாங்க கஞ்சி?" என்று சிரித்தவன், சட்டென்று நிறுத்தினான். விறைத்த துணி, விரித்த குடைபோல ஃபியூஸைத் தொடாமல் விலகி நிற்கும். சூடு துணிக்கு எட்டவே எட்டாது.

சோதனைத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "விட்டுருங்கக்கா. கடைசியாப் போட்ட கையெழுத்து. அவன் பேரு நல்லாவே இருக்கட்டும்."

எனக்கும் அந்த ஆசை வந்தது, ராசு. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஃபியூஸ் போட்ட தொலைபேசிக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து வேலை பார்ப்பாரே?

துணியை மூன்று தண்ணீரில் அலசி, ஃபேனில் உலர்த்தி, அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த ஃபியூஸ்களில் மறுபடி சுற்றினோம். முதல் ஃபியூஸில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. "பாத்தீங்களா, நம்ம ராசு தப்பு வுடுவானா?" என்றான் குமரேசன். மூன்றாவதில் துணியின் நடுவே பழுப்பாக ஒரு பொட்டு விழுந்தது. அது கறுத்துப் புகைந்தது. அவன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான்.

பெட்டியை நிறுத்திவிட்டோம். சோதனைத் தாளில் உன் கையெழுத்தைக் குறுக்கே அடிக்க அவனுக்குக் கை வரவில்லை. நான்தான் அடித்தேன். எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்புக் கோடு போட்ட அதே கையால். கீழே எழுதினேன்: "துணிக்குக் கஞ்சி போட்டது இவருடைய அக்கா. பிழை என்னுடையது."

புதிதாக வாங்கிய மீட்டரையே மூன்று முறை சரிபார்ப்பவன் நீ. நான் கொடுத்த துணியை மட்டும் தடவிக்கூடப் பார்க்கவில்லையே, ஏன்? உடம்பு முடியாமலா? அக்கா கொடுத்தது என்றா? இரண்டாவதுதான் என்று தோன்றும்போது, உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருக்கிறது.

இனிப் புதன்கிழமைதோறும் பட்டறைக்குப் போவேன். வெறும் தண்ணீரில் துணியை அலசி, உலர்த்தி, நறுக்கிக் குமரேசனிடம் கொடுப்பேன். கொடுக்கும்போதெல்லாம் சொல்வேன்: "அக்கா குடுத்ததுன்னு உட்றாத சாமி. தொட்டுப் பாரு."

உன்னைத் தேடிக்கொண்டே இருக்கும்,
உன் சரசு அக்கா