நமுகோங்கோ போய் வந்த பின்

ஜூன் 5

எங்கள் ஊர் போர்ட்டல் வந்து சேர்ந்தோம். மூன்று வாரமாக யாத்திரை நடந்த வழியைப் பேருந்து ஒரு பகலில் விழுங்கிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழைக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடம், நான் உட்கார்ந்து அழுத பாலம், எல்லாம் கண்ணிமைப்பதற்குள் போய்விட்டன. கோபம்கூட வந்தது.

மகள் துசீமே வெந்நீர் வைத்துக் காலை ஊறப்போட்டாள். "சாமிகிட்ட கேட்டியாம்மா? முழங்கால் வலியச் சொன்னியா?"

இல்லை. மறந்தே போனேன். நமுகோங்கோவில், மறைசாட்சிகள் எரிக்கப்பட்ட மண்ணில் நின்றபோது ஒரு வேண்டுதலும் வாயில் வரவில்லை. மண்டியிடவும் முடியவில்லை. நின்றபடியே அழுதேன், சந்தோஷமாகத்தான்.

ஜூன் 7

முழங்கால் அப்படியே வலிக்கிறது.

ஜூன் 12

முகுசு சந்தை. விற்கிற பழைய துணி மூட்டையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். உட்காருவது இவ்வளவு கஷ்டமா? கால் தன்பாட்டுக்கு எங்கேயோ போகத் துடிக்கிறது. செபமாலை சொல்லிக்கொண்டு, யார் யாருடைய தண்ணீரையோ குடித்துக்கொண்டு, நாளைக்கு என்ன என்று யோசிக்காமல் நடந்தவள் நான்தானா?

அராலியை நினைத்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

வழியில் கியெஞ்ஜோஜோவில் எங்கள் கூட்டத்தோடு சேர்ந்தவர். மனைவியை இழந்தவர். என் கால் கட்டைவிரல் வீங்கியபோது, கேட்காமலே என் செருப்பின் முனையைப் பிளேடால் அறுத்து விரலுக்கு வழிவிட்டவர். "புதுச் செருப்பு!" என்று கத்தினேன். "விரல் பழசு அட்யேரி, வேற கிடைக்காது" என்றார், என் செல்லப்பெயரைச் சொல்லி.

ஜூலை 2

அராலி போன் செய்தார். ஆடு, மழை, தேயிலை விலை. வைக்கும்போது, "கால் எப்படி?" அவ்வளவுதான்.

துசீமே கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள். "சாமி கும்பிடப் போன எடத்துல மாப்பிள்ள பாத்துட்டு வந்துட்ட போல."

"வாய மூடுடி."

"அப்பா கண்ண மூடி நாலு வருஷந்தான் ஆகுது."

இருவருமே சாப்பிடவில்லை.

ஜூலை 20

அவர் கேட்டுவிட்டார், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. போனில்தான், சுற்றி வளைக்காமல். யோசிக்க வேண்டும் என்றேன்.

என்ன யோசிப்பது? வழியில் எல்லாருமே நல்லவர்கள். ஒருவர் பாயில் ஒருவர் படுத்தோம், ஒரே சட்டியில் தின்றோம். நடக்கும்போது இருந்த மனிதர் உட்காரும்போதும் அவர்தானா? அது எனக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 8

தெரிந்துகொண்டேன். சொல்லாமல் அவர் வீட்டில் போய் இறங்கினேன்.

வேலியோரம் கையில் கம்போடு நின்று பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். அவன் ஆடு இவர் பீன்ஸை மேய்ந்துவிட்டதாம். "உன் ஆடும் உன்ன மாதிரியே திருட்டுப் பய!" — இவரா வழியெல்லாம் செபமாலை சொன்னவர்! என்னைப் பார்த்ததும் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

உள்ளே இரண்டு நாற்காலி. ஒன்றில் மூட்டைகள். அவற்றை இறக்கித் துடைத்து என்னை உட்காரவைத்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ரேடியோவைப் போட்டார், அணைத்தார். கிளம்பிவிடலாமா என்றிருந்தது.

"வாங்க, கொஞ்ச தூரம் நடந்துட்டு வருவோம். நடந்தா எனக்குப் பேச்சு வரும்."

"வேணாம். உக்காந்தே பேசுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டே சொன்னார்: "வழியில பாத்த ஆளு நான் இல்ல. எனக்குக் கோவம் வரும்."

"நானும் இல்ல. வீட்டுல நான் கத்துவேன். எங்க பொண்ணக் கேளுங்க."

"கத்துங்க. ஆடு கத்தலியா?"

சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று, இப்படி வயிறு வலிக்கச் சிரித்து.

ஆகஸ்ட் 25

வந்தார். சேவல் ஒன்று கொண்டுவந்தார். துசீமே கேழ்வரகுக் களியும் பீன்ஸ் மசியலும் வைத்தாள், முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு. சாப்பாட்டின் நடுவில் நேராகக் கேட்டாள்: "எங்கம்மா உங்களுக்கு எதுக்கு?"

அவர் களியைப் பிய்த்தபடி இருந்தார். "அழகா ஏதாவது சொல்லலாம்மா. ஆனா நெசம் என்னன்னா, தனியாச் சாப்புட்டுச் சாப்புட்டு அலுத்துப் போச்சு. உங்கம்மாவுக்கும் அப்படித்தான்னு நெனைக்கிறேன். நீ கம்பாலாவுக்குப் படிக்கப் போயிட்டா இவங்க யாரோட சாப்புடுவாங்க?"

அவள் எழுந்து வந்து அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி மசியல் ஊற்றினாள். கேட்காமலே.

அவர் போன பிறகு அழுதாள். நானும் அழுதேன். அப்பாவைப் பற்றிப் பேசினோம், விளக்கில் எண்ணெய் தீரும்வரை.

செப்டம்பர் 14

துசீமேயைப் பேருந்து ஏற்றிவிட்டேன். ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "கல்யாணத்துக்குக் கோயில்ல தேதி கேட்டியா? கிறிஸ்துமஸ் லீவுல வைம்மா, இல்லாட்டி நான் வர முடியாது" என்றாள். நிலையத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முழங்காலைத்தான் கேட்கப் போனேன். கேட்கவில்லை, கிடைக்கவுமில்லை. கேட்காதது எப்படி ஆண்டவர் காதில் விழுந்தது?

ஜனவரி 6

இன்று விழித்தபோது சமையல்கட்டில் புகை. ஒரு கணம் பயந்துவிட்டேன், அங்கே அராலி இருமும் சத்தம் கேட்கும்வரை. இந்த வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எழுந்து அடுப்புப் பற்றவைத்ததே இல்லை. எழுந்திருக்கக் காலை ஊன்றினேன். பிறகு வேண்டாமென்று மறுபடி போர்த்திக்கொண்டு படுத்தேன்.