மூன்று தட்டு

ஜூலை 7, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் தெரியும். போன் செய்தால் எடுப்பதில்லை, எடுத்தாலும் "ம்" என்று ஒரு சத்தம். அதனால்தான் கடிதம். கடிதத்துக்கு "ம்" போட்டுத் தப்பிக்க முடியாது.

இங்கே எல்லாரும் என்னை மேடம் என்கிறார்கள். பதினேழு வருஷமாக "ஏம்மா லிஃப்ட்டு" என்று கூப்பிடப்பட்டவளுக்கு இது யாரையோ கூப்பிடுவது போல இருக்கிறது. நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போய் இப்போது சாக்பீஸ். வகுப்பில் இருபத்திரண்டு பேர். பயிற்சிக் கூடத்தில் ஒரு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். மூன்றே மாடி உயரம், யாரும் ஏறுவதில்லை. கழற்றிப் பூட்டிப் பழகுவதற்காக மட்டும் நிற்கிறது.

முதல் பாடமாக நம் தட்டைத்தான் சொன்னேன். லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குகிறவர், பெட்டி ஓடும் இரும்பு ரெயிலில் ஸ்பானரால் இரண்டு தட்டு: "இறங்கலாமா?" மேலே மெஷின் ரூமில் இருப்பவர் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்ட பிறகு மூன்று தட்டு: "இறங்கு." குரல் கொடுத்தால் எதிரொலியில் குழம்பும், இரும்பு குழம்பாது என்றேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நான் மேல்தளத்தில் தனியாக நின்றிருந்தேன். கீழே குழியிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. யாரோ மாணவர் என்று நினைத்து, யோசிக்காமல் மூன்று தட்டிவிட்டேன். இறங்கி வந்து பார்த்தால் குழிக் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே ஒரு ஈ கூட இல்லை. வயசாகிறது போல.

என் இடத்தில் உனக்கு ஜோடியாக வேறு ஆள் போட்டுவிட்டார்களா? நான் கிளம்பிய அன்று நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் முழங்கால் பத்து மாடி ஏறாது என்று உனக்குத் தெரியும்தானே.

அக்கா


ஜூலை 13, சனி

மேடம் அவர்களுக்கு,

லிஃப்ட்டு எழுதிக்கொள்வது.

கோபமெல்லாம் இல்லை. இருந்தது, கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. போன் குழித் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. புதிது வாங்கவில்லை. யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஜோடி வரவில்லை. உண்மையைச் சொன்னால் நான் கேட்கவில்லை. "ஆள் வந்தாச்சு சார்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். நீ விட்டுப்போன பூட்டு, நகப்பாலிஷில் "அக்கா" என்று எழுதினாயே, அதை என் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டுகிறேன். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் வேலை செய்வது போல இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே. நம் சிடுமூஞ்சியை மறந்திருக்க மாட்டாய். அந்தப் பழைய பத்து மாடிக் கட்டிடத்து லிஃப்ட். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அதன் முறை. நாலாம் தேதி தனியாகத்தான் போனேன். மேலே ஏறி மெயினை நானே அணைத்து, பூட்டு மாட்டி, கீழே வந்து, பழக்கதோஷத்தில் ரெயிலில் இரண்டு தட்டினேன். மேலிருந்து மூன்று தட்டு வந்தது. மெஷின் ரூம் சாவி என் இடுப்பில் இருந்தது.

அன்று பயந்தேன். உன் கடிதம் வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நீதான் அது. அந்தக் கடைசித் தட்டை மட்டும் கொஞ்சம் இழுத்துத் தட்டுவாயே, அதே மாதிரி.

நேற்று முன்தினம் போனபோது நான் மேலே ஏறவில்லை. எதற்குப் பத்து மாடி, நீதான் மேலே இருக்கிறாயே. இரண்டு தட்டினேன். மூன்று வந்தது. இறங்கி வேலையை முடித்தேன்.

தம்பி


ஜூலை 17, புதன்

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோராம் தேதியும் இங்கே இரண்டு தட்டு கேட்டது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மாணவர்கள் சுண்டெலி என்றார்கள். நான் பேச்சை நிறுத்தாமலே கையில் இருந்த ஸ்பானரால் மூன்று தட்டினேன். எந்த ஸ்விட்சையும் அணைக்கவில்லை. எந்தப் பூட்டையும் மாட்டவில்லை. கை அதுவாகத் தட்டியது. அதை நம்பி நீ இறங்கியிருக்கிறாய், மெயின் ஓடிக்கொண்டிருக்கும்போது. குழிக்குள்ளிருந்தே பெட்டியை நிறுத்தும் ஸ்விட்ச், சிடுமூஞ்சியில் போன வருஷமே செத்துவிட்டது. உன் தலைக்கு மேல் அந்தப் பெட்டி எப்போது வேண்டுமானாலும் இறங்கியிருக்கலாம். எதுவும் புரியாத முட்டாளா நீ?

எப்படி ஊர் விட்டு ஊர் கேட்கிறது என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். இனிமேல் நான் தட்ட மாட்டேன். பதில் வராவிட்டால் இறங்கக் கூடாது, அது உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. என் பூட்டைக் கழற்று. ஜோடி கேள்.

அக்கா


ஜூலை 27, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது. ரொம்ப நாளாயிற்று, நன்றாக இருந்தது.

ஆனால் இனிமேல் தட்ட மாட்டேன் என்று எழுதிவிட்டு இரண்டு வாரமும் தட்டியிருக்கிறாய். பதினெட்டாம் தேதி நான் இரண்டு தட்டினேன், உடனே மூன்று வந்தது. நேற்று முன்தினம், இருபத்தைந்து, ஸ்பானரை ஓங்கவே இல்லை, அதற்குள் மூன்று. கதவைத் திறந்து நிற்கும்போதே. என்னை எதிர்பார்த்து நின்றது போல இருந்தது.

எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நீ போன பிறகு யாரோடும் சரியாகப் பேசவில்லை. வியாழக்கிழமை மட்டும்தான் வாரம் போலத் தெரிகிறது. வேலை முடிந்த பிறகும் அந்தக் குழியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். மேலே நீ இருக்கிறாய் என்ற தெம்பு. அதை என்னிடமிருந்து பிடுங்காதே. வாய் மாட்டேன் என்றாலும் உன் கைக்கு என்னை விட மனசில்லை. எனக்குத் தெரியும்.

தம்பி


ஜூலை 30, செவ்வாய்
(கூரியரில்)

தம்பி, என் கண்ணு,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

பதினெட்டாம் தேதி இங்கே இரண்டு தட்டு கேட்டது. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். தட்டவில்லை. இருபத்தைந்தாம் தேதி நான் அந்தக் கூடத்திலேயே இல்லை. காலையிலிருந்து பரீட்சை மேற்பார்வை. கூடம் பூட்டிக் கிடந்தது, சாவி அலுவலகத்தில். கேட்டுப் பார்த்துவிட்டேன், யாரும் வாங்கவில்லை.

உனக்குப் பதில் சொல்வது நான் இல்லை.

நாம் தட்டுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகியது எதுவோ, அது சொல்கிறது. முதலில் நீ கேட்ட பிறகு சொன்னது. இப்போது கேட்பதற்கு முன்பே சொல்கிறது. உன்னை இறங்கச் சொல்கிறது. புரிகிறதா?

தப்பு என்னுடையது. அந்த முதல் மூன்றை நான்தான் கொடுத்தேன், எதையும் அணைக்காமல். உன்னைத் தனியாக விட்டுவிட்டு இங்கே மேடம் ஆனதும் நான்தான். பரீட்சை முடிந்ததும், பத்தாம் தேதி ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். முழங்கால் போனால் போகட்டும். அதுவரை அந்தக் கட்டிடத்துப் பக்கம் போகாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 4, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது கூரியர் வந்தது. படித்துவிட்டு நேராகச் சூப்பர்வைசரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தட்டை மட்டும் சொல்லவில்லை, ஜோடி இல்லாததைச் சொன்னேன். காது கிழியத் திட்டிவிட்டு ஒரு ஆளை அனுப்பினார். சுருட்டை என்று கூப்பிடுகிறார்கள், தலைமுடி அப்படி. இரண்டு பிள்ளைக்கு அப்பா. வாய் ஓயாது.

பதினோரு மணிக்கு அவனை மெஷின் ரூமுக்கு அனுப்பினேன். "எதையும் தொடாதே, சும்மா பார்த்துக்கிட்டு நில்லு" என்று சொன்னேன். வாட்ச்மேனின் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். தரைத்தளக் கதவைத் திறந்தேன். பெட்டி எட்டாவது மாடியில் நின்றது. உள்ளே ஒரு கால் கூட வைக்காமல், கையை நீட்டி இரண்டு தட்டினேன்.

மூன்று வந்தது. கடைசித் தட்டு இழுத்து.

"சுருட்டை, நீயா தட்டுன?" என்று போனில் கேட்டேன்.

"நான் கையே வைக்கலண்ணே. ஆனா ஏதோ தட்டுச்சு. மெயின் ஆன்லதான் இருக்கு. அண்ணே, மோட்டார் சுத்துது, நான் எதுவும் பண்ணல."

பெட்டி இறங்கி வந்தது. எந்த மாடியிலும் நிற்கவில்லை. தரைத்தளத்தைத் தாண்டி, குழிக்குள், நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தது. உட்காருவதற்காக நான் அங்கே போட்டு வைத்திருந்த மரப்பலகை நொறுங்கும் சத்தம் கேட்டது.

சுருட்டை மெயினை அணைத்துத் தன் பூட்டை மாட்டினான். நானும் பத்து மாடி ஏறி என்னுடையதை மாட்டினேன். ஒருவருக்கொருவர் சாவியைக் காட்டிக்கொண்டோம். எல்லாம் அடங்கிய பிறகு, அந்தப் பெட்டிக்கும் அடியிலிருந்து, இரண்டு தட்டு வந்தது. மெதுவாக, மரியாதையாக, நாம் கேட்பது போலவே.

சுருட்டை என் முகத்தைப் பார்த்தான். என் கை தானாக ஸ்பானரை எடுத்திருந்தது. பதில் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது அக்கா. கீழே யாரோ தனியாக இருக்கிறார்களே என்று. அவன்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அந்த லிஃப்ட்டை இனி ஓட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

நீ ராஜினாமா எழுதாதே. உன் பூட்டை நான் விதிமுறைக்காக மாட்டவில்லை. அது தொங்கிக்கொண்டிருக்கும்வரை நீ திரும்பி வருவாய் என்றுதான் மாட்டினேன். இந்தப் பார்சலில் அதை அனுப்பியிருக்கிறேன், சாவியோடு. உன் இருபத்திரண்டு பேருக்கும் காட்டு. தட்டோடு நிறுத்தாதே. மேலே இருப்பவரின் முகத்தைப் பார்த்து, சாவியைப் பார்த்து, அப்புறம் இறங்கச் சொல்லிக்கொடு. அதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. முழங்காலுக்கு எண்ணெய் தடவு. எனக்கு ஜோடி கிடைத்துவிட்டது, பேசியே கொல்கிறான்.

உன்
தம்பி

பி.கு.: நான் இனி எந்தக் குழியிலும் ரெயிலைத் தட்டுவதில்லை. புது போன் வாங்கிவிட்டேன், சுருட்டையும் நானும் அதில்தான் பேசிக்கொள்கிறோம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உன் பயிற்சிக் குழியில் இரண்டு தட்டு கேட்டால், அது நான் இல்லை.